வழி சொன்ன ஊமைப்படம்

பிற்பகல் மூன்று மணி. கல்குவாரியைத் தாண்டிப் போகிற சாலை.

பேய் வருகிற நேரமா இது என்று முணுமுணுக்காதீர்கள். இருட்டிய பிறகுதான் வருவேன் என்று அது யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. மண்டையைப் பிளக்கிற வெயில். சாலையில் ஈ காக்கை இல்லை. குவாரியை மூடிப் பல வருடம் ஆகிவிட்டதால் லாரியும் வருவதில்லை. சாலையின் கோடியில் ஒரே ஒரு வீடு. அதன் வாசற்படியில் ஒரு பெண் நின்றுகொண்டு, எதிரே இருந்த வெட்டவெளியைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று... இரண்டு... மூன்று...

எண்ண எண்ண அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவையும் யாராவது சாத்துங்கள். சொல்கிறேன்.

இது என் நண்பனின் அத்தானுக்கு நடந்தது. அக்காவைக் கட்டியவர். கேமராக்காரர். கல்யாணம், பிறந்தநாள் என்று எது வந்தாலும் படம் பிடிப்பார். ஆனால் மனசெல்லாம் பழைய கேமராக்கள்மேல். கையால் சுற்றுகிற கேமரா ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து, எண்ணெய் போட்டு, துடைத்து, குழந்தை மாதிரி வைத்திருந்தார். ஃபிலிமைக் கழுவுவதும் வீட்டிலேயேதான். குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டு உள்ளே போனால், வெளியே வரும்போது மேலெல்லாம் புளித்த மருந்து வாடை அடிக்கும். "குளிக்கப் போறவங்க வாசனையா வருவாங்க. நீங்க மட்டும் இப்படி வர்றீங்க" என்பாளாம் அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. சுத்தமாக. பேச்சு போகவில்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சமமாகப் பேசுவாள், அவ்வளவுதான். ஆனால் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் பிடித்துவிடுவாள். எதிர்மாடியில் ஜன்னலுக்குப் பின்னால் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால், இங்கே வெங்காயம் உரித்துக்கொண்டே வரிக்கு வரி சொல்வாள். "எங்க வீட்டுல ரகசியம் பேசணும்னா சுவத்தைப் பாத்துக்கிட்டுத்தான் பேசணும்" என்பான் என் நண்பன்.

அத்தானோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர் டைரக்டர் ஆகியிருந்தார். இரண்டு படம் எடுத்தார். முதல் படம் பெட்டியை விட்டே வெளியே வரவில்லை. இரண்டாவது வந்தது. அவருடைய சொந்தக்காரர்களே பாதியில் எழுந்து போனார்கள். மூன்றாவதுக்கு அவர் பிடித்துக்கொண்டது ஒரு பழைய பேய்க்கதையை. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் பெஞ்சுக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்த கதை.

கதை சின்னது. தனி வீட்டில் ஒரு பெண். கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. அந்தி சாய்ந்ததும் வாசலில் ஏதோ வந்து நிற்கிறது. "உள்ளே வரலாமா?" என்று கேட்கிறது. தினமும் வருகிறது. தினமும் அவள் ஏதோ பதில் சொல்கிறாள். என்ன பதில் என்று கதையில் எங்கேயும் இல்லை. கடைசி நாள் மட்டும் அவள் ஒன்றும் சொல்லாமல் விலகி நின்று வழி விடுகிறாள். அதோடு கதை முடிகிறது.

டைரக்டர் அதை அந்தக் காலத்து ஊமைப்படம் மாதிரியே எடுக்க நினைத்தார். கறுப்பு வெள்ளை. முகத்தில் வெள்ளை மாவு, கண்ணைச் சுற்றித் தடிப்பாக மை. வசனம் வேண்டிய இடத்தில் கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்து.

"அவ பதில் சொல்ற இடத்துல அட்டையில என்னடா எழுதுவே? கதையை எழுதினவரே எழுதலையே" என்று அத்தான் கேட்டார்.

"ஒண்ணும் எழுத மாட்டேன் மாப்ளே. வாய் அசையும், சத்தம் கேக்காது. பாக்கறவன் மண்டைக்குள்ள அது கேக்கணும். அதுக்குத்தான் ஊமைப்படம்."

நடித்தது டைரக்டரின் மனைவி. நாடகத்தில் இருந்தவள். கலகலவென்று பேசுகிற பெண். அத்தானை அண்ணா, அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள்.

"அப்ப நான் என்னத்தைங்க சொல்றது?" என்று அவள் கேட்டதற்கு, "எதையாவது சொல்லு. ஒண்ணு ரெண்டு எண்ணு. முகத்துல மட்டும் அழுகை இருக்கட்டும்" என்றாராம் டைரக்டர்.

"பக்கம் பக்கமா வசனம் பேசின வாய் இது. கடைசியில ஒண்ணாங்கிளாஸ் பாடமா?" என்று சிரித்தாளாம்.

இப்படித்தான் அந்த வீட்டு வாசலில் அவள் எண்ணிக்கொண்டு நின்றாள். பகலிலேயே எடுத்தார்கள். லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டி எடுத்தால் கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் இருண்டு, வெயில் நிலா வெளிச்சம் மாதிரி ஆகிவிடும். வந்து நிற்பதைக் காட்டப் போவதில்லை. அவள் முகம் மட்டும்தான் படம். கேமரா முற்றத்தில். கேமராவுக்கு இடதுபக்கம், அத்தானின் தோளை ஒட்டினாற்போல ஓர் இடத்தை டைரக்டர் காட்டினார். "அது இங்கதான் நிக்குது. இங்கயே பாத்துப் பேசு."

அவள் அங்கேயே பார்த்துப் பேசினாள்.

கேமரா டிக் டிக் டிக் என்று சுற்ற, அவள் எண்ணிக்கொண்டே போனாள். லைட்டுக்காரர் ஒருவர் இருந்தார், ஒல்லியாக இருப்பார், மின்மினி என்று கூப்பிடுவார்கள். "நூறு வர்றதுக்குள்ள நம்மளையும் அழவெச்சிரும் இந்தப் பொண்ணு" என்றாராம். அவ்வளவு நன்றாக நடித்தாள். ஒன்று மட்டும்தான் கொஞ்சம் வித்தியாசம். சில எண்களுக்கு நடுவே நிறுத்தினாள். தலையை லேசாகச் சாய்த்து... எதிரில் இருப்பவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. பிறகு தொடர்ந்தாள்.

டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். "எங்கடி பிடிச்சே அந்த நிறுத்தத்தை?"

"தெரியலைங்க. அந்த இடத்துல நிறுத்தணும்னு தோணுச்சு."

அத்தானுக்குப் பக்கத்தில் ஒரு வாடை வந்தது. நனைந்த சாக்கு வாடை. மின்மினியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த வீட்டில் குழாய் கிடையாது, கிணறு கிடையாது. குடிக்கிற தண்ணீரையே கேனில்தான் கொண்டுபோயிருந்தார்கள்.

அன்றைக்கு எடுத்ததை அத்தான் கழுவிக் காயவைத்துப் படுக்கையறைச் சுவரில் போட்டுப் பார்த்தார். நன்றாக வந்திருந்தது. ஆள் நூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போனவள் மாதிரியே இருந்தாள். அக்கா டீ கொண்டுவந்தாள். நின்றபடியே பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யாருக்கு வழி சொல்றாங்க இவங்க?"

அத்தான் திரும்பி, அவளுக்குத் தெரிகிற மாதிரி சொன்னார். "வழி சொல்லலை. எண்ணுறாங்க. ஒண்ணு, ரெண்டு..."

"எண்ணலை. மறுபடி போடுங்க."

மறுபடி போட்டார். சுவரில் வெள்ளை முகம் அழுதது. அக்கா தன்னுடைய சமமான குரலில் அந்த உதடு சொல்வதைச் சொன்னாள்.

"குவாரி ரோட்டை விட்டு இறங்கு... தண்ணித் தொட்டி வரைக்கும் நேரா வா... ஆமா, அங்கதான்... இடதுபக்கம் திரும்பு..."

அந்த 'ஆமா, அங்கதான்' வந்தது ஒரு நிறுத்தத்துக்கு அப்புறம்.

தண்ணீர்த் தொட்டியில் இடதுபக்கம் திரும்பினால் டைரக்டர் வீட்டுத் தெரு. அக்கா அந்தப் பக்கமே போனதில்லை.

டைரக்டரின் மனைவி விளையாட்டுக்குச் செய்திருப்பாள் என்று அத்தான் நினைத்தார். ஆனால் அவள் எண்ணியதை அவரே தன் இரண்டு காதாலும் கேட்டிருந்தார். முப்பதுக்கு அப்புறம் அவள் குரல் உடைந்தது வரைக்கும் நினைவிருந்தது. அந்தக் காதை நம்புவதா... இந்தச் சுவரை நம்புவதா?

அடுத்த சுருள். "பச்சை கேட்டு... கொக்கி போட மாட்டோம்... நாய் இல்லை. கதவுக்குப் பக்கத்துல செருப்பு கிடக்கும், மிதிச்சுராதே..."

அதற்கடுத்த சுருளை அவர் கழுவியதும் டைரக்டரையும் மனைவியையும் வீட்டுக்கு வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னதும் டைரக்டர் கையைத் தட்டினார். "பிரமாதம் மாப்ளே! என்கிட்டகூடச் சொல்லாம இப்படி ஒரு வேலை பண்ணியிருக்கா பாரு!" மனைவி ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

விளக்கை அணைத்தார்கள். சுவரில் அவளுடைய வாய் அசைந்தது. அக்கா சொல்லிக்கொண்டு வந்தாள்.

"மாடிப்படி. ஏழாவது படி சத்தம் போடும். அதுல கால் வெக்காதே... ரூமு தொறந்தேதான் இருக்கும்... கட்டில்ல ஜன்னல் பக்கம் அவர் படுப்பார். நான் சுவத்துப் பக்கம்... நல்லாத் தூங்குவார். ஒண்ணும் தெரியாது..."

டைரக்டர் கை தட்டவில்லை. அந்த ஏழாவது படி விஷயம் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். சரிசெய்ய வேண்டும், சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்த படி.

"நான் எண்ணினேன்" என்றாள் மனைவி. தன் முகத்தையே சுவரில் பார்த்தபடி. "நீங்க எல்லாரும் கேட்டீங்கல்ல? அண்ணா, சொல்லுங்க அண்ணா. எண்ணினேன்தானே?"

"நீ எண்ணினேம்மா. நான் கேட்டேன்" என்றார் அத்தான்.

"அப்ப அது யாரு?"

புரொஜெக்டர் சூட்டில் தூசி கருகுகிற வாடை மட்டும் அறையில் இருந்தது.

படத்தை நிறுத்திவிடலாம் என்றாள் அவள். கெஞ்சினாள். டைரக்டர் சொன்னது இதுதான். "ஒரே ஒரு ஷாட்டுதான் பாக்கி. நீ விலகி நிக்கறது. அது இல்லேன்னா இதுவரைக்கும் எடுத்தது குப்பை. இதையும் விட்டுட்டா நான் இனிமே எதைச் செஞ்சு என்னத்தை ஆகப்போகுது?"

அந்த ஆள் அழுது அவள் பார்த்ததில்லையாம். அன்று பார்த்தாள்.

"வாயைத் தொறக்க மாட்டேன்" என்றாள். "எண்ணவும் மாட்டேன். சும்மா விலகி மட்டும் நிப்பேன். போதுமா?"

"போதும்மா."

மறுபடியும் அந்தச் சாலை. அந்த வெயில். அவள் உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு வாசலில் நின்றாள். அத்தான் கேமராவைச் சுற்றினார். வாடை வந்தது. இந்தத் தடவை ரொம்பப் பக்கத்தில்... இடது கன்னத்தில் சில்லென்று ஈரக் காற்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சுற்றுகிற கை நின்றுவிடும் என்று காரணம் சொன்னாராம் பின்னால். உண்மையான காரணம் அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அவள் விலகினாள். ஒரு பக்கமாக ஒதுங்கி, சுவரோடு சுவராக நின்றாள்.

வாடை போய்விட்டது. ஃபூ என்று ஊதி அணைத்த மாதிரி.

"கட்" என்றார் டைரக்டர். ஓடிப்போய் மனைவியைப் பார்த்தார். அவளுடைய கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் வந்திருந்தது. ஒரு வார்த்தையும் பேசவில்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். டைரக்டர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மின்மினிகூட விசில் அடித்தாராம்.

அந்த வாரமே டைரக்டர் இறந்துபோனார்.

தூக்கத்தில். ஜன்னல் பக்கம். டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்றார். எல்லாருக்கும் கடைசியில் நிற்பது அதுதானே.

துக்கம் கேட்கப் போன அத்தானிடம் அந்தப் பெண் சொன்னாளாம். "படிச் சத்தம் கேக்குதான்னு நான் தெனமும் முழிச்சிருந்தேன் அண்ணா. கேக்கவே இல்லை. அன்னிக்கு லேசாக் கண்ணசந்துட்டேன். கட்டில் அவர் பக்கம் அமுங்குச்சு. அவர்தான் எழுந்து போயிட்டு வந்து படுக்கறாருன்னு நெனைச்சேன். 'தண்ணி குடிச்சீங்களா'ன்னு கேட்டேன்."

கடைசிச் சுருளை அத்தான் கழுவவே இல்லை. பெட்டியோடு பரண்மேல் போட்டுவிட்டார். அக்காவும் எரித்துவிடச் சொன்னாள். எரித்திருப்பார். ஆனால் ஒருநாள் அந்தப் பெண்ணே வீட்டுக்கு வந்தாள். ஆளே பாதியாகிப் போயிருந்தாள்.

"அதைப் போட்டுக் காட்டுங்க அண்ணா. நான் வாயை மூடிக்கிட்டுதான் இருந்தேன். ஆனா அதுல என்ன சொல்லியிருக்கேனோ... 'வா'ன்னு சொல்லியிருந்தா? நானே அவரைக் கொன்னுட்டேனான்னு எனக்குத் தெரியணும். தெரியாம என்னால சோறு முழுங்க முடியலை."

அக்காவே, "கழுவுங்க" என்றாள்.

குளியலறையில் கழுவி முடிக்கும்வரை அந்தப் பெண் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். காய்ந்ததும் மூன்று பேரும் படுக்கையறையில் உட்கார்ந்தார்கள். விளக்கை அணைத்தார்கள். சுவரில் வாசல் வந்தது. வெள்ளை முகம் வந்தது.

உதடு மூடியே இருந்தது.

கடைசிவரை மூடியே இருந்தது. அவள் விலகினாள். காலி வாசல் மட்டும் சுவரில் நின்றது.

"பேசலை" என்றாள் அக்கா. "ஒரு எழுத்துகூடப் பேசலை."

அந்தப் பெண் அக்காவின் மடியில் விழுந்து கதறினாள். நிம்மதியா, துக்கமா, இரண்டுமா... யாருக்குத் தெரியும்? படம் முடிந்து ஃபிலிமின் வால் டப் டப் டப் என்று புரொஜெக்டரில் அடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அத்தான் எழுந்தார். அப்போதுதான் கவனித்தார். அக்கா அந்தப் பெண்ணின் தலையைத் தடவிக்கொண்டே தெருக்கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு.

"யாரோ கூப்பிடறாங்க. போய்ப் பாருங்க" என்றாள்.

அத்தானுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அக்காவின் முகத்தையே பார்த்தார்கள். எந்தச் சத்தத்துக்கும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்திராத முகம். அவளுக்கே மெதுவாகத்தான் உறைத்தது. கை தானாகக் காதுக்குப் போயிற்று.

"உள்ளே வரலாமாங்குது" என்றாள்.

அத்தான் எல்லாவற்றையும் எரித்தார். ஒரு சுருள் விடாமல். பிறகு கேமராவையும் உடைத்தார். அக்காவைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு காதும் எப்போதும் போலத்தான் இருக்கிறது, எதுவும் கேட்க வாய்ப்பே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வீடு மாற்றினார்கள். புது வீட்டுக்கும் வந்தது. இன்னொரு வீடு. அங்கேயும். அந்தி சாய்ந்ததும் அத்தான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "பதில் சொல்லாதே. என்னையே பாரு. பதில் மட்டும் சொல்லாதே." வேலைக்கு இப்போது போவதில்லை. தூக்கமும் இல்லை. எத்தனை நாள் ஒரு மனிதன் தூங்காமல் இருப்பான்? அந்தப் பெண் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாளாம். வாயை ஒரு துணியால் மூடிக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். சாப்பிட மட்டும் அவிழ்ப்பாளாம்.

போன மாதம் என் நண்பன் அக்காவைப் பார்க்கப் போயிருந்தான். அத்தான் சுவரில் சாய்ந்தபடியே கண் அசந்துவிட்டிருந்தார். அந்தி நேரம். அக்கா கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். இவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பயமா இருக்காக்கா?" என்று கேட்டான்.

அவள் அவனைப் பார்த்து... சிரித்தாளாம். வெட்கப்படுகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"மொதல்ல இருந்துச்சுடா. இப்ப இல்லை. எல்லாரும் என்கிட்ட வாயை அகலமாத் தொறந்து கத்துவீங்க. அது கத்தறதில்லை. மெதுவாத்தான் கேக்குது. எத்தனை தடவை பேசாம இருந்தாலும் கோவமே படாம கேக்குது."

கதவுப் பக்கம் தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாவம்டா... எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தரை வாசல்லயே நிக்க வெக்கிறது?"